வீட்டுக்குள் தேயும் மொழி: பாப்புவாவின் டயாப்

1937ஆம் ஆண்டு கியோர்க் ஹோல்ட்கர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், நியூகினித் தீவின் வடகரையில் செபிக் ஆறும் ராமு ஆறும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே உள்ள சதுப்புக் காட்டுக்குள் நடந்து, காப்புன் என்ற கிராமத்தை அடைந்தார். சில மணி நேரமே அங்கே இருந்தார். அதற்குள் 125 சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். மறு ஆண்டு அந்தப் பட்டியலை அச்சிட்டபோது, இத்தனை சிறிய ஊருக்கு, இத்தனை சிரமமான வழியில், இன்னோர் ஆய்வாளர் வருவதற்கு நெடுங்காலம் ஆகும் என்று எழுதினார். அவர் சொன்னபடியே நடந்தது. அரை நூற்றாண்டுக் காலம் அந்த ஊரில் தங்கி அந்த மொழியைப் படிக்க யாரும் வரவில்லை. 1980களின் நடுவில்தான் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த டான் கூலிக் என்ற இளம் மானிடவியலாளர் அங்கே போய்ச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விட்டுவிட்டுப் போய்வந்து, ஆஞ்சலா டெரிலுடன் சேர்ந்து 2019இல் அந்த மொழிக்கு முழு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார்.

அந்த மொழியின் பெயர் டயாப். உலகில் வேறெந்த ஊரிலும் அது தாய்மொழி கிடையாது. கூலிக் 1986-87இல் கணக்கெடுத்தபோது ஊரில் ஏறத்தாழ நூறு பேர் இருந்தார்கள்; அவர்களில் 89 பேர் அதைப் பேசினார்கள். இன்று ஊர் இரண்டு மடங்காகப் பெருகிவிட்டது. சரளமாகப் பேசுகிறவர்களோ ஐம்பது பேருக்கும் குறைவு. மக்கள்தொகை வளர்கிற ஊரில் மொழி தேய்கிறது.

சிறிய மொழிகள் ஏன் போய்விடுகின்றன என்ற கேள்விக்கு நம் கையில் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: சிறியவை, ஆகவே போகின்றன. டயாப்பைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்தப் பதில் எனக்கு நிற்கவில்லை. டயாப்பைப் பேசியவர்கள் எந்தக் காலத்திலும் இருநூறு பேரைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அந்த எண்ணிக்கையோடுதான் அது எத்தனையோ தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. இன்று காப்புன் இருக்கும் மேட்டுநிலம் சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் உள்வாங்கியிராத காலத்தில், ஒரு தீவாக இருந்தது. சுற்றியுள்ள எந்த மொழியோடும் டயாப்புக்குத் தெளிவான உறவு காட்ட முடியாமல் இருப்பதற்கு அந்தப் பழைய தனிமை ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். வேறு மொழிக் குடும்பத்தில் அதைச் சேர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், நூறு பேர் பேசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த மொழி, அதே நூறு பேர் இருக்கும்போதே ஏன் கைநழுவியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு அரசியலும் பொருளாதாரமும் பாதிப் பதில்தான் தருகின்றன. மீதிப் பதில் அன்றாடப் பேச்சில் இருக்கிறது: அடுப்படியில், காட்டில், சண்டையில், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவதில்.

சின்ன மொழி அங்கே அதிசயமில்லை

பாப்புவா நியூகினி நாட்டில் ஏறத்தாழ 840 மொழிகள் பேசப்படுகின்றன. மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டியது. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை மொழிகள் இல்லை. இவற்றில் கடற்கரையோர மொழிகள் பல ஆஸ்திரோனேசியக் குடும்பத்தவை. மலாய், ஜாவா மொழிகளுக்கும் பசிபிக் தீவு மொழிகளுக்கும் உறவானவை. மற்றவற்றைத்தான் பாப்புவா மொழிகள் என்கிறோம். இது ஒரே குடும்பத்தின் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரோனேசியம் அல்லாதவை எல்லாவற்றுக்கும் போட்ட பொதுப்பெயர் அது. உள்ளே பல பத்துக் குடும்பங்களும், டயாப் போன்ற தனி மொழிகளும் இருக்கின்றன.

மலையும் சதுப்பும் ஊர்களைப் பிரித்ததால் மொழிகள் பெருகின என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது முழு உண்மையாக இருந்தால், மலைகள் மிகுந்த நடுப்பகுதியில் சிறு மொழிகள் அதிகமாகவும், ஆறுகளில் படகு ஓடும் தாழ்நிலத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். நிலைமை நேர்மாறானது. எங்கா போன்ற பெரிய மொழிகள் மலைநாட்டில்தான் உள்ளன. போக்குவரத்து எளிதான செபிக் வட்டாரத்தில்தான் கிராமத்துக்கொரு மொழி. அந்த மக்கள் வேற்றுமையை விரும்பி வளர்த்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. செலெபெட் மொழி பேசும் ஒரு கிராமத்தார் கூட்டம் போட்டு, 'இல்லை' என்பதற்கு இருந்த 'பியா' என்ற சொல்லை விட்டுவிட்டு 'புங்கே' என்று சொல்வதென முடிவு செய்தார்கள். மற்ற செலெபெட் ஊர்களிலிருந்து தாங்கள் வேறு என்று காட்டுவதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

இப்படிப்பட்ட உலகத்தில் சிறு மொழி பேசுவது குறையாகத் தெரியவில்லை. காப்புன் ஆண்கள் பக்கத்து ஊர்களின் கொப்பார், அட்ஜோரா மொழிகளையும் பேசினார்கள். வணிகத்துக்கும் சமாதானத்துக்கும் அது தேவைப்பட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் டயாப் கற்றுக்கொள்ள மெனக்கெட்டதில்லை. காப்புன்காரர்கள் அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை. தங்கள் மொழி மற்றவர்களுக்கு வராது என்பதில் அவர்களுக்குப் பெருமைதான்.

அடுப்பும் காடும்

காப்புன்காரர்களின் அன்றாடச் சாப்பாடு சாகோ. நாம் ஜவ்வரிசி என்று வாங்குவது சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவில் உருட்டுவது. அசல் சாகோ, சதுப்பில் வளரும் ஒருவகைப் பனையின் அடிமரத்துச் சோற்றிலிருந்து வருகிறது. பூ விடுவதற்கு முன், மாவு முழுவதும் தண்டில் சேர்ந்திருக்கும் பருவம் பார்த்து மரத்தை வெட்டுவார்கள். பட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கும் நார்ச்சோற்றைக் கொத்தித் தூளாக்க வேண்டும். பிறகு சாகோ மட்டையையே தொட்டியாகச் சாய்த்து வைத்து, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து அலச வேண்டும். சலித்து வரும் கலங்கல் நீரில் மாவு அடியில் படியும். மரத்தைச் சாய்ப்பதும் கொத்துவதும் பெரும்பாலும் ஆண் வேலை; அலசுவது பெண் வேலை. கணவனும் மனைவியும் சேர்ந்து போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அந்த மாவுக்கு டயாப்பில் 'முனா' என்று பெயர். கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கிளறினால் அது கண்ணாடிபோல மாறி, பசையாக இழுபடும் களியாகிறது; அதன் பெயர் 'மும்'. மாவையே தட்டிச் சுட்டால் 'தம்வாய்'. சாகோவில் மாவுச்சத்தைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே கீரை, மீன், காட்டுப்பன்றி இறைச்சி, சாகோப் புழு என்று ஏதாவது ஒன்று கூட வந்தாக வேண்டும். அந்தப் புழு, நம் தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டின் இனத்தைச் சேர்ந்த வண்டின் புழு. வெட்டிப் போட்ட சாகோ மரத்தில் வளர்வது. நமக்கு மருந்தடித்துக் கொல்ல வேண்டிய பூச்சி, அவர்களுக்குக் கொழுப்புச் சத்து.

'நும்' ஊர், 'பத்திர்' வீடு, 'அவின்' தண்ணீர், 'ஓத்தார்' நெருப்பு, 'நிம்' மரம், 'ம்போர்' பன்றி. ஹோல்ட்கர் எழுதிப்போனதுபோன்ற பட்டியல்களில் இடம்பெறுவது இத்தகைய சொற்களே. மொழிகளை ஒப்பிட்டு உறவு கண்டுபிடிக்க அவை உதவும். ஆனால் ஒரு மொழியின் உயிர் பெயர்ச்சொற்களில் மட்டும் இருப்பதில்லை. டயாப்பின் வினைச்சொல் மிகக் கடினமானது. யார் செய்தது, யாருக்குச் செய்தது, நடந்ததா நடக்குமா என்பதெல்லாம் ஒரே வினைக்குள் திருகிக்கொண்டு நிற்கும். ஒருத்தி ஒருவனைத் தோளில் சுமந்து கீழே இறங்க நினைக்கிறாள் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட முடியும். ஆண்பால் பெண்பால் வேற்றுமையும் உண்டு. உயிரற்ற பொருள்களில் அது வடிவத்தைப் பொறுத்தது: நீண்டு ஒல்லியானவை ஆண்பால், குட்டையாகப் பருத்தவை பெண்பால். மொழி நலியும்போது முதலில் உதிர்வது இந்த வினைத் திருகுகள்தான். 'பன்றி', 'தண்ணீர்' என்ற சொற்கள் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, ஒரு சிறுவனுக்கு நூறு பெயர்ச்சொல் தெரிகிறது என்பதை வைத்து அந்த மொழி பிழைத்திருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

பாப்புவா மொழிகளின் அன்றாடச் சொல்வளம் எவ்வளவு வேறுபட்டது என்பதற்கு, மலைநாட்டில் வழங்கும் கலாம் மொழியை எடுத்துக்கொள்ளலாம். அதில் வினையடிகள் நூற்றுச் சொச்சம் மட்டுமே. அன்றாடம் புழங்குபவை அதிலும் சில பத்துதான். மற்றதையெல்லாம் அவற்றைக் கோத்தே சொல்கிறார்கள். விறகு பொறுக்கி வந்தான் என்பதற்கு 'போய், விறகு, அடித்து, எடுத்து, வந்து, வைத்து' என்று ஆறு துண்டுகள் வரிசையாக வரும். ஒரு வேலை எந்தெந்தப் படிகளில் நடந்தது என்பதை விடாமல் சொல்வது கலாம் பேச்சின் இயல்பு. ஆண்ட்ரூ பாலி இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். வினையில் இப்படிச் சிக்கனமாக இருக்கும் அதே மொழி, காட்டைப் பற்றிப் பேச வந்தால் அள்ளிக் கொட்டுகிறது. கலாம் மக்களுக்குப் பறவையும் வௌவாலும் 'யக்ட்' என்ற ஒரே வகுப்பு; ஆனால் பறக்காத பெரும்பறவையான கசோவாரி அந்த வகுப்பில் சேராது, அது 'கொப்டி' என்று தனியே நிற்கும். ரால்ஃப் புல்மர் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை கசோவாரி ஏன் பறவை இல்லை என்பதைப் பற்றியதுதான். உயர்மலையில் தாழை இனத்து மரத்தின் கொட்டைகளைச் சேகரிக்கப் போகும்போது கலாம் மக்கள் அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென்றே வைத்திருக்கும் வேறு சொற்களால் பேசுவார்கள். இலக்கணம் அதேதான், சொற்கள் மட்டும் வேறு.

புல்மரின் பணியில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சயெம் மாஜ்னெப்பை நடத்திய விதம். மாஜ்னெப் கலாம் சிறுவனாக அவருக்கு உதவியாளராக வந்தவர். 1977இல் வெளிவந்த 'என் கலாம் நாட்டுப் பறவைகள்' என்ற நூலின் முதல் ஆசிரியராக மாஜ்னெப்பின் பெயரே அச்சானது. தகவல் கொடுத்தவரை அடிக்குறிப்பில் நன்றி சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் இருந்த காலத்தில், காட்டை அறிந்தவரே அறிஞர் என்று அட்டையில் போட்டது பெரிய காரியம்.

எண்ணும் வழக்கத்திலும் இதே செழுமையைப் பார்க்கலாம். ஓக்சாப்மின் மக்கள் வலது கைப் பெருவிரலில் தொடங்கி, விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண் என ஏறி, மூக்கில் 14 ஆகி, மறுபக்கம் இறங்கி, இடது கைச் சுண்டுவிரலில் 27 என முடிப்பார்கள். கடையும் காசும் வந்த பிறகு இந்த எண்ணல் முறை எப்படி மாறியது என்பதை ஜெஃப்ரி சாக்ஸ் 1978 முதல் பின்தொடர்ந்தார். தென்புறச் சமவெளியில் இருநூறு பேர் அளவில் பேசும் கொம்ன்சோ மொழியில் கணக்கு ஆறின் அடுக்கில் ஓடுகிறது. அங்கே வள்ளிக்கிழங்குதான் செல்வம், மானம், எல்லாம். அறுவடைக் கிழங்கை எண்ணும்போது இருவர் வந்து ஆளுக்கு மூன்றாக எடுத்து வைப்பார்கள்; அது ஓர் ஆறு. ஆறு ஆறு 36, அதற்கு 'ஃப்தா'. 216க்கு 'தருபா'. 1,296க்கு 'தம்னோ'. அதற்கும் மேலே ஏறி 46,656க்கும் 'வி' என்று ஒற்றைச் சொல் இருக்கிறது. பழங்குடி மொழிகளில் பெரிய எண்கள் இல்லை என்று பள்ளிப்பாடமாகவே நம்பிவந்தவர்களுக்கு, ஒரு சிற்றூர்க் கிழங்குக் குவியல் சொன்ன மறுப்பு அது. பண்டிகைக்குக் கிழங்கைக் குவித்து எண்ணும் வழக்கம் இருக்கும்வரை அந்தச் சொற்களும் இருக்கும்.

கோபத்துக்கும் மொழி உண்டு

சாகோவையும் பறவைகளையும் எழுதிவைக்க எல்லோருக்கும் விருப்பம்தான். கிராமத்துச் சண்டையை எழுதிவைக்கத் துணிந்தவர்கள் குறைவு. கூலிக்கின் ஆய்வில் முக்கியமானது அதுவென்று நினைக்கிறேன்.

காப்புனில் 'க்ரோஸ்' என்ற வழக்கம் உண்டு. பெயர் தொக் பிசின் என்ற கலப்பு மொழியிலிருந்து வந்தது. வழக்கம் அதற்கு முந்தியது. ஒருத்திக்குக் கணவன்மீதோ பக்கத்து வீட்டுக்காரிமீதோ கோபம் வந்தால், தன் வீட்டுக்குள் இருந்தபடியே ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தித் திட்டுவாள். எதிராளி எதிரில் நிற்கக் கூடாது. பதிலும் சொல்லாமல் இருப்பதே முறை. முக்கால் மணி நேரம்கூட அது நீளும். கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும். ஊர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அந்த வசைக்குள் இலக்கண நுட்பமும் கற்பனையும் ததும்பும். ஆண்களுக்கோ சபை மேடை: ஆண்கள் கூடும் மன்றத்தில், எல்லோரும் ஒத்துப்போகும்படி, சண்டையே இல்லாததுபோலச் சுற்றி வளைத்துப் பேசுவது.

இந்த இரண்டு பேச்சுகளுக்குப் பின்னால் மனிதனைப் பற்றிய ஒரு பார்வை இருக்கிறது. ஒவ்வொருவருக்குள்ளும் 'ஹெட்' என்று ஒன்று உண்டு: தன் விருப்பம், முரட்டுப் பிடிவாதம், யாருக்கும் அடங்காமை. 'சாவே' என்று இன்னொன்றும் உண்டு: அறிவு, நிதானம், பிறரோடு இசைந்துபோகத் தெரிவது. மனிதன் வளர்வது என்றால் ஹெட்டை அடக்கிச் சாவேயை வெளிக்காட்டுவது. இதுவரை பழைய கதை. இருபதாம் நூற்றாண்டில்தான் இந்த ஜோடியோடு வேறு ஜோடிகள் வந்து ஒட்டிக்கொண்டன. ஹெட் என்றால் பெண்கள், குழந்தைகள், முன்னோர் காலத்து அறியாமை. சாவே என்றால் ஆண்கள், கத்தோலிக்க மதம், பள்ளி, வெள்ளைக்காரர்களின் உலகம். முதல் வரிசையோடு டயாப் சேர்ந்தது. இரண்டாவதோடு தொக் பிசின் சேர்ந்தது.

தொக் பிசின் எங்கிருந்து வந்தது? பசிபிக் தீவுகளின் தோட்டங்களில் பல மொழிக்காரர்கள் கூலிகளாகக் கலந்த இடத்தில் உருவான மொழி அது. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. நியூபிரிட்டன் தீவின் தோலாய் மொழியும் ஜெர்மனும் கலந்திருக்கின்றன. வாக்கிய அமைப்பிலோ மெலனேசிய மொழிகளின் தடம் ஆழமாக உண்டு. முதல் உலகப் போர்க் காலத்து வாக்கில் காப்புனிலிருந்து சில ஆண்கள் நியூபிரிட்டன் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். திரும்பும்போது இரும்புக் கத்தியும் துணியும் கொண்டுவந்தார்கள்; கூடவே இந்தப் பேச்சையும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படைகள் வந்தபோது ஊரார் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். நோயில் பலர் மாண்டார்கள். போருக்குப் பின் கல்யாணமாகாத இளைஞர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஓரிரு ஆண்டு தோட்டக் கூலியாகப் போய்வந்தார்கள். பிறகு மதப்பணியாளர்கள் அடிக்கடி வரத் தொடங்க, பெண்களும் தொக் பிசின் கற்றார்கள்.

இங்கே நடந்த முதல் இழப்பு பலர் கண்ணில் படுவதில்லை. தொக் பிசின் வந்ததும் கொப்பாரும் அட்ஜோராவும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை ஆண்களுக்கு இல்லாமல் போயிற்று. டயாப் அப்போது முழு பலத்தோடுதான் இருந்தது. ஆனால் பல மொழி பேசுவது இயல்பு என்ற பழக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஊரில் இரண்டே மொழிகள், அவற்றில் ஒன்று உயர்வு, இன்னொன்று தாழ்வு என்ற நிலைமை வந்தது.

குழந்தையின் முதல் சொல்

மொழி கைமாறும் இடம் தாய்மடி. அங்கே காப்புனில் நடந்ததை, தெற்கே போசாவி மலையடியில் நடந்ததோடு வைத்துப் பார்த்தால் கேள்வி தெளிவாகிறது.

போசாவியில் வாழும் கலூலி மக்களைப் பற்றி பாம்பி ஷீஃப்லின் 1970களின் நடுவிலிருந்து ஆராய்ந்தார். கலூலித் தாய்மார் பார்வையில் குழந்தை பேசத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் இரண்டு சொற்கள்: 'அம்மா' என்பதற்கான 'நோ', 'முலை' என்பதற்கான 'போ'. அதுவரை குழந்தை எத்தனை சொல் சொன்னாலும் அது பேச்சாகாது. இந்த இரண்டும் வந்ததும் தாய் குழந்தையைப் பிறர் முகம் பார்க்க உட்காரவைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, 'எலமா', அதாவது இப்படிச் சொல், என்று முடிப்பாள். கேட்பது, கொடுப்பது, மறுப்பது, கேலி செய்வது எல்லாமே இப்படிச் சொல்லிக் கொடுக்கப்படும். குழந்தை மென்மையானது, பேச்சால் அதைக் கெட்டிப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை.

காப்புனில் குழந்தையின் முதல் சொற்களாகப் பெரியவர்கள் கருதுபவை வேறு: 'ஓக்கி', 'மிந்தா', 'ஆயாத்தா'. நான் போகிறேன், எனக்கு வெறுத்துப்போச்சு, நிறுத்து. குழந்தை பிறக்கும்போதே ஹெட் நிறைந்தது, கோபக்காரக் குட்டி மனிதன் என்று நினைக்கிற ஊர் அது. அதன் மழலையில் அவர்கள் கேட்பது உறவைத் தேடும் குரலை அல்ல. உதறிக்கொண்டு போகும் குரலை. கவனித்தால் இந்த மூன்றும் டயாப் சொற்கள். குழந்தையின் முரட்டுத்தனம் டயாப்பில் வெளிப்படுகிறது; அதற்கு அறிவு வரும்போது தொக் பிசின் வரும் என்ற எண்ணம் அந்த நம்பிக்கைக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது.

கூலிக் மாதக்கணக்கில் குழந்தைகள் இருக்கும் வீடுகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். தாய் குழந்தையிடம் டயாப்பில் ஒன்று சொல்வாள். குழந்தை கவனிக்காது. மறுபடி சொல்வாள். கேட்காவிட்டால் அதையே தொக் பிசினில் சொல்வாள். குழந்தைக்கு உறைக்க வேண்டிய இடத்தில், காரியம் நடக்க வேண்டிய இடத்தில் தொக் பிசின். ஆக, டயாப்பில் சொன்னதைக் காதில் வாங்காமல் இருந்தாலும் நஷ்டமில்லை, அது எப்படியும் இன்னொரு முறை வரும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அதைத் தூக்கித் திரியும் எட்டு, பத்து வயது அக்காமார் பேசுவதும் தொக் பிசின்தான். 1987இல் பத்து வயதுக்குக் கீழ் டயாப்பை வாய்விட்டுப் பேசும் குழந்தை ஒன்றுகூட ஊரில் இல்லை.

பெற்றோர்களைக் கேட்டால், நாங்கள் டயாப்தான் பேசுகிறோம், பிள்ளைகள்தான் பேச மாட்டேன் என்கிறார்கள், பிடிவாதக்காரப் பிள்ளைகள் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை தன் இஷ்டப்படி நடக்கும் ஆள், அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற பார்வையில் அது நியாயமான விளக்கம். டயாப் வேண்டாம் என்று அந்த ஊரில் யாரும் முடிவெடுக்கவில்லை. யாரும் அதை வெறுக்கவுமில்லை. கேட்டால் பெருமையாகவே பேசினார்கள். ஒரு மொழியை நேசிக்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டே அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டுவிட முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறோர் ஆய்வை நான் படித்ததில்லை. 1992இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் இதனால்தான் இன்றும் பேசப்படுகிறது.

வாய் திறக்காத இளைஞர்கள்

2009இல் கூலிக் மறுபடி நீண்ட காலம் தங்கியபோது, அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் பெற்றோர்களாகி இருந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் பிறந்தவர்களும் ஒருவரோடொருவர் டயாப்பில் பேசிக் கேட்க முடியவில்லை. இவர்களுக்குப் புரியும், பேச வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கூலிக் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, டயாப்பில் ஒரு கதை சொல்லச் சொன்னார். வந்தார்கள், சொன்னார்கள். சிலர் தட்டுத்தடுமாறிச் சொன்னார்கள்; சிலர் வியக்கத்தக்க சரளத்தோடு, கடினமான வினைகளையும் சரியாகப் போட்டுச் சொன்னார்கள். வேட்டைக்குப் போனது, காட்டில் வழி தவறியது போன்ற எளிய கதைகள்தாம். ஆனால் மொழி அவர்களுக்குள் இருந்தது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? பேசினால் மூத்தவர்கள் சிரிப்பார்கள். தப்பாகச் சொன்னால் ஊரறியப் பழிப்பார்கள். மூத்தவர்களுக்குள்ளும் எது சரியான டயாப் என்பதில் ஒற்றுமை இல்லை. வானவில்லுக்கு என்ன சொல் என்ற சாதாரணக் கேள்விக்கே ஆளுக்கொன்று சொல்லிச் சண்டையிட்டார்கள். இந்த நிலையில் இருபது வயதுப் பையன் எதற்காக வாயைத் திறக்கப் போகிறான்? சரியாகப் பேசு, இல்லாவிட்டால் பேசாதே என்று சொல்லப்பட்டால் இரண்டாவதுதான் எளிது.

என் கருத்தில், மொழி அழிவைப் பற்றிய பொதுப்பேச்சில் இது போதிய அளவு வருவதில்லை. அரசு, உலகமயம், பெரிய மொழிகளின் ஆதிக்கம் எல்லாம் உண்மை. பாப்புவா நியூகினி அரசு 1990களில் தொடக்கப் பள்ளிகளில் ஊர்மொழிகளைக் கொண்டுவந்து, 400க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடம் நடத்தச் செய்தது. உலகில் வேறு எந்த நாடும் துணியாத முயற்சி அது. ஆசிரியரும் புத்தகமும் பணமும் போதாமல் தடுமாறி, 2013இல் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று கொள்கை திரும்பியது. அந்தப் பின்வாங்கலை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். இருந்தாலும், டயாப் பள்ளியில் வைத்துத் தோற்கவில்லை. அது வீட்டுக்குள் தோற்றது. பள்ளி கைகொடுத்திருந்தால்கூட, தாய் மூன்றாவது முறை எந்த மொழியில் கூப்பிடுகிறாள் என்பதைப் பள்ளியால் மாற்றியிருக்க முடியாது.

மொழியை அழியும் பறவையினத்தோடு ஒப்பிடும் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. கூலிக்கும் 2019இல் எழுதிய 'மழைக்காட்டில் ஒரு மரணம்' என்ற நூலில் இந்த ஒப்புமையை மறுக்கிறார். காட்டை வேலியிட்டுக் காத்தால் பறவை பிழைக்கும். மொழியோ மனிதர்கள் எடுக்கும் ஆயிரம் சின்ன முடிவுகளில் இருக்கிறது. அந்த முடிவுகளுக்குப் பின்னால் நல்ல வாழ்வு வேண்டும் என்ற நியாயமான ஆசை இருக்கிறது. காப்புன்காரர்களுக்குச் சாலையோ மருத்துவமனையோ தராத உலகம், அவர்களிடம் போய் உங்கள் மொழியைக் கைவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது.

அப்படியானால் வெளியிலிருந்து செய்யக்கூடியது என்ன? பதிவுசெய்ய முடியும். அதை எப்படிச் செய்வது என்பதில் இன்னும் அக்கறை வேண்டும். கதைகளையும் பாட்டுகளையும் சடங்குகளையும் சேகரிப்பவர்கள், சாகோ அலசும்போது நடக்கும் பேச்சையும், பிள்ளையை அதட்டுவதையும், வசையையும், கடன் கேட்பதையும் அதே மரியாதையோடு சேகரிக்க வேண்டும். நாளை ஒருவன் தன் பாட்டியின் மொழியை மீட்டெடுக்க விரும்பினால், அவனுக்கு முதலில் தேவைப்படுவது படைப்புக் கதை அல்ல. 'இங்கே வா', 'சாப்பிட்டாயா', 'என்னை விடு' என்பவை. கூலிக்கும் டெரிலும் செய்த அகராதி வசையையும் விட்டுவிடாமல் சேர்த்திருப்பது அதன் பெரிய பலம். சேகரிப்பில் பங்கெடுத்தவர்களின் பெயர், மாஜ்னெப்பின் பெயரைப் போல, அட்டையில் வர வேண்டும்.

ஊருக்குள் செய்யக்கூடியது ஒன்றுதான், அதை ஊராரே செய்ய முடியும்: தப்பும் தவறுமாகப் பேசுகிற பிள்ளையைப் பேசவிடுவது. காப்புனில் கதை சொன்ன அந்த இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கதைகளைச் சொல்லும் அளவுக்குக்கூட டயாப் வராது. சிறு மொழி ஒன்றைப் பேசும் வீட்டில் இதை யாராவது படிக்க நேர்ந்தால், அவர்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்வது இதுதான்: பேரப்பிள்ளை வினையைக் கொலை செய்து பேசினாலும் சிரிக்காதீர்கள். அதே மொழியில் பதில் சொல்லுங்கள்.